அண்ணன் விட்டுச்சென்ற ஆறு சேனல் ஒலிப்பதிவுகள்: கெட்டது கோப்பா, மாற்றிய விதமா?

வாசகரின் கடிதம்

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் வசிக்கும் 58 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. கப்பல் பட்டறையில் மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற இவர், சென்ற ஆண்டு தம் அண்ணனை இழந்தார். அந்த அண்ணன் வேலை முடிந்த நேரமெல்லாம் ஒலிப்பதிவிலேயே கழித்தவர். கோயில் திருவிழாக் கச்சேரிகளையும் நண்பர்களின் மேடை நாடகங்களையும் பல மைக்குகள் வைத்துப் பதிவுசெய்து, 5.1 சரவுண்ட் ஒலியாக (ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபரும்) கலவை செய்து, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முதலாண்டு நினைவுநாளுக்கு இன்னும் ஆறு வாரமே இருக்கிறது. அன்று அண்ணி வீட்டில் குடும்பத்தார் கூடும்போது அந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்க வேண்டும் என்பது இவருடைய விருப்பம்.

அதற்காகக் கோப்புகளை மாற்றத் தொடங்கியபோது ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கல்கள் வந்தன. நாடகத்தில் நடுவிலிருந்து வரவேண்டிய வசனம் முன்வலது ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பின்வலது ஸ்பீக்கர் எதையும் தெளிவாகத் தராமல் உறுமுகிறது. 2 மணி 15 நிமிட நாடகத்தை ஒரு மென்பொருள் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக மாற்றினால் 1 மணி 22 நிமிடத்தோடு நின்றுவிடுகிறது. இன்னொரு மென்பொருளோ முழுக் கோப்பையும் எழுதியதுபோல் தோன்றினாலும் நீளம் 52 நிமிடம் என்று காட்டுகிறது. தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றியதில் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே ஒலிக்கின்றன. சில விவரங்களை விட்டுச் சுருக்கும் டால்பி டிஜிட்டல் கோப்பில் எல்லா ஸ்பீக்கர்களும் ஒலித்தாலும் தவில் உச்சத்துக்குப் போகும்போது யாரோ அமுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கிறது. இவை போதாவென்று, ஒன்பது கோப்புகள் திறந்தவுடன் வெறும் இரைச்சலாகக் கொட்டுகின்றன.

அவர் கேட்கும் கேள்விகள் நான்கு. இரைச்சல் கோப்புகளை அழித்துவிடலாமா? கடைக்காரர் ஒருவர் சொல்லும் கட்டண மென்பொருளை வாங்கினால் எல்லாம் சரியாகுமா? மீதி எல்லாவற்றையும் டால்பி டிஜிட்டலாக மாற்றிவிட்டு, இடம் அடைக்கும் மூலக் கோப்புகளை நீக்கிவிடலாமா? அண்ணன் வாங்கி வைத்திருக்கும் இசைத் தட்டுகளையும் இதேபோல் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இன்று எதையும் அழிக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் விவரித்திருக்கும் சிக்கல்களில் ஒன்றுகூட உங்கள் அண்ணனின் மூலக் கோப்புகள் கெட்டுவிட்டதைக் காட்டவில்லை. திரைப்பட, நாடக ஒலிக்கலவையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாமே மாற்றும் வழியிலோ போட்டுக் கேட்கும் வழியிலோ நேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை ஒரு வார இறுதியில் சரிசெய்யக்கூடியவை. ஆகவே அந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் படியெடுத்து, மூலத்தை அண்ணி வீட்டிலேயே வைத்துவிட்டு, இனிமேல் படியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இரைச்சலாகக் கொட்டும் ஒன்பது கோப்புகள்

நீங்கள் அழிக்க நினைத்த இவற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொன்றும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சேனல் கொண்ட வேவ் கோப்பு என்றும், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி அளவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை இரைச்சல் ஒரே அளவில் இருக்கிறது, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்கிறீர்கள். கெட்டுப்போன ஒலிக்கோப்பு பெரும்பாலும் இப்படி ஒலிக்காது. அதில் ஆங்காங்கே இசை கேட்கும், நடுநடுவே அறுபடும். சீரான இரைச்சல் என்றால் உள்ளே இருப்பது சாதாரண ஒலி அலை அன்று, சுருக்கப்பட்ட தரவு. உங்கள் அண்ணன் டிடிஎஸ் குறுந்தட்டுகள் தயாரித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

ஆறு சேனல் ஒலியை டிடிஎஸ் முறையில் சுருக்கி, அதைச் சாதாரண ஸ்டீரியோ வேவ் கோப்பின் உடையில் பொதிந்து, காலியான குறுந்தட்டில் எழுதுவது ஒருகாலத்தில் ஒலி ஆர்வலர்களிடம் பரவலாக இருந்த வழக்கம். குறுந்தட்டின் ஓட்டம் நொடிக்கு 1,411 கிலோபிட். ஒவ்வொரு 16 பிட்டிலும் 14 பிட்டை மட்டும் பயன்படுத்துவதால் அதில் டிடிஎஸ் ஒலிக்கு 1,235 கிலோபிட் கிடைக்கும். டிடிஎஸ் புரிந்துகொள்ளும் ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெருக்கிக்கு) ஆப்டிகல் கேபிள் வழியாக அனுப்பினால் ஆறு சேனலும் விரியும். புரியாத கருவியோ மென்பொருளோ அதைச் சாதாரண ஒலி என்று எண்ணி வாசித்தால் நீங்கள் கேட்ட இரைச்சல்தான் வரும்.

இத்தகைய கோப்பின் ஒலியளவை இம்மி கூட்டினாலும் குறைத்தாலும், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும், எம்பி3 ஆக்கினாலும் உள்ளே இருக்கும் தரவு சிதைந்துவிடும். அதன்பின் மீட்க வழியில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒருமுறை அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு பெரியவர் கொண்டுவந்த இப்படிப்பட்ட கோப்பைத் திறந்து, இரைச்சலைக் கேட்டுப் பதறி, ஒலியளவைக் குறைத்து அதே பெயரில் சேமித்துவிட்டேன். அவரிடம் வேறு படி இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் செய்யவேண்டியது எளிது. ரிசீவரின் ஒலியளவை நன்றாகக் குறைத்துவிட்டு (இந்த இரைச்சல் உயர்வொலி ஸ்பீக்கரைப் பழுதாக்கக்கூடும்), அந்தக் கோப்பை வி.எல்.சி. என்ற இயக்கி மென்பொருளில் திறந்து பாருங்கள். வி.எல்.சி.யும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளும் கோப்பின் உள்ளே இருப்பது டிடிஎஸ் என்பதைப் பெரும்பாலும் தாமே கண்டுகொள்ளும். கோப்பு விவரத்தில் டிடிஎஸ் என்றும் ஆறு சேனல் என்றும் தெரிந்துவிட்டால், எஃப்எஃப்எம்பெக் மூலம் அதை விரித்து, 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே ஆறு சேனல் ஃபிளாக் கோப்பாகச் சேமியுங்கள். 96 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் தரம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சுருக்கும்போது போன விவரம் அப்படித் திரும்பி வராது.

வசனம் வலப்பக்கம் போனது எப்படி

கடிதத்தோடு அண்ணனின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். கோடு போட்ட தாளில் பென்சிலால், "1 இடது, 2 நடு, 3 வலது, 4 பின்இடது, 5 பின்வலது, 6 தாழ்" என்று எழுதியிருக்கிறது. அவை மைக்குகளை வைத்த இடங்கள் என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். மைக்கை எங்கு வைத்தாலும் "தாழ்" என்று ஓர் இடம் கிடையாது. அது 5.1 கலவையில் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்றைக் குறிக்கிறது, அதாவது சப்வூஃபருக்கான தாழ்வொலி சேனல். கோப்பினுள் ஆறு சேனல்களும் எந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பதைத்தான் அண்ணன் குறித்துவைத்திருக்கிறார். உங்கள் சிக்கலுக்கான திறவுகோல் அந்த ஒரு வரிதான்.

ஆறு சேனல்களை அடுக்குவதில் உலகம் முழுவதற்கும் ஒரே வரிசை இல்லை. அண்ணன் பின்பற்றியது திரைப்பட ஒலிக்கூடங்களின் வரிசை. வேவ், ஃபிளாக் ஆகியவை எதிர்பார்ப்பது இடது, வலது, நடு, தாழ், பின்இடது, பின்வலது என்ற வரிசை. ஏஏசி என்ற சுருக்கும் முறை நடுச் சேனலை முதலில் வைக்கும். கோப்பின் தலைப்பில் எது எந்தச் சேனல் என்ற குறிப்பு சரியாக இருந்தால் மாற்றும் மென்பொருள் அதைப் பார்த்து இடம் மாற்றிக்கொள்ளும். குறிப்பு இல்லாவிட்டால் தனக்குப் பழக்கமான வரிசைதான் என்று எண்ணிக்கொண்டு அப்படியே எழுதிவிடும்.

அண்ணனின் வரிசையை வேவ் வரிசையாகத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இரண்டாவதாக உள்ள நடுச் சேனல் வலது ஸ்பீக்கருக்குப் போகும். ஆகவே வசனம் வலப்பக்கம் வரும். மூன்றாவதான வலது, நடுவுக்கு வரும். நான்காவதான பின்இடது சப்வூஃபருக்குள் போய், அதன் தாழ்ந்த பகுதி தவிர மற்றது மறைந்துவிடும். ஐந்தாவதான பின்வலது, பின்இடது ஸ்பீக்கரில் கேட்கும். ஆறாவதான தாழ்வொலி, பின்வலது ஸ்பீக்கரில் உறுமும். நீங்கள் எழுதிய அறிகுறிகள் இதனோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன.

திருத்தம் இதுதான். எஃப்எஃப்எம்பெக்கில் சேனல்களை இடம் மாற்ற "சேனல்மேப்" என்ற வடிகட்டி இருக்கிறது. அது பூஜ்யத்திலிருந்து எண்ணும். அண்ணனின் வரிசையிலிருந்து வேவ் வரிசைக்குக் கொண்டுவர 0, 2, 1, 5, 3, 4 என்று கொடுத்து, வெளிவரும் கோப்பின் சேனல் அமைப்பு 5.1 என்றும் குறிப்பிடுங்கள். இடம் மாற்றும்போது ஒலியை மறுபடி எழுதியாக வேண்டும்; "அப்படியே படியெடு" என்ற தேர்வை வைத்திருந்தால் வடிகட்டி வேலை செய்யாது. கட்டளை எழுதுவது சிரமமாக இருந்தால், ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் ஏற்றுமதி அமைப்பில் தனிப்பயன் சேனல் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, திரையில் கோடிழுத்து எந்தத் தடம் எந்தச் சேனலுக்குப் போகவேண்டும் என்று காட்டலாம். அந்த அமைப்பை மாற்றாவிட்டால் ஒடாசிட்டி எல்லாவற்றையும் இரண்டு சேனலாகக் கலந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

இந்தத் திருத்தத்தை எந்தக் கோப்பின்மேல் செய்வது என்பது முக்கியம். தவறான வரிசையில் உருவான ஃபிளாக் கோப்பில் ஆறு சேனலின் ஒலியும் முழுதாக இருக்கும், இடம்தான் தவறு. தவறான வரிசையில் உருவான டால்பி டிஜிட்டல் கோப்பு அப்படிப்பட்டதன்று. அந்த முறையில் தாழ்வொலி சேனலில் வழக்கமாக 120 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் வெட்டப்படுகின்றன. உங்கள் கோப்பில் தாழ்வொலியின் இடத்தில் உட்கார்ந்திருந்தது பின்இடது சேனல். அதில் இருந்த மண்டபத்தின் எதிரொலியும் பார்வையாளர் கைத்தட்டலும் வெட்டில் போய்விட்டன. மூலக் கோப்புகளை நீக்கிவிட்டு டால்பி டிஜிட்டலை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்களே, அப்படிச் செய்திருந்தால் அண்ணனின் பின்இடது சேனல் என்றென்றைக்கும் போயிருக்கும்.

தற்காலிகமாக ரிசீவரின் பின்னால் நடு ஸ்பீக்கரின் கம்பியையும் வலது ஸ்பீக்கரின் கம்பியையும் மாற்றிச் சொருகியதாகவும், இப்போது வசந்தம் ஒளிவழியின் செய்தி இடப்பக்கம் சரிந்து கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மின்பணியாளராக இருந்தவருக்கு இயல்பாகத் தோன்றும் வழிதான். ஆயினும் கம்பிகளை உடனே பழையபடி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இனிமேல் சரியாக மாற்றும் கோப்பும் உங்கள் காதுக்குத் தவறாகவே கேட்கும்.

அதன்பின் ஒரு சோதனைக் கோப்பு தயாரித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் உங்கள் குரலிலேயே "முன்இடது", "நடு", "முன்வலது", "பின்இடது", "பின்வலது" என்று தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள். தாழ்வொலிக்குப் பேச்சு வேண்டாம். சப்வூஃபரில் பேச்சு முனகலாகத்தான் கேட்கும். அதற்கு ஒரு கனமான தலையணையைக் கையால் தட்டிப் பதிவுசெய்யுங்கள். ஆறையும் ஒடாசிட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக வருமாறு வைத்து, அண்ணனின் வரிசையில் ஒரே கோப்பாக்கி, நாடகத்துக்குப் பயன்படுத்தப்போகும் அதே வழியில் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். "நடு" என்ற சொல் நடு ஸ்பீக்கரிலிருந்து வந்தால் வழி சரி. இரண்டு மணி நேர நாடகத்தை மாற்றி முடித்த பிறகு தவறைக் கண்டுபிடிப்பதைவிட அரை நிமிடக் கோப்பில் கண்டுபிடிப்பது மேல்.

1 மணி 22 நிமிடமும் 52 நிமிடமும்

கணினியின் நினைவகம் போதவில்லை என்று எண்ணி கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்தியிருக்கிறீர்கள். அதற்கு அவசியம் இருந்திருக்கவில்லை. வேவ் கோப்பு தன் அளவைத் தலைப்பில் 32 பிட் எண்ணாக எழுதிவைக்கிறது. அந்த எண்ணால் 4 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது.

உங்கள் நாடகம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஆறு சேனல். நொடிக்கு 48,000 முறை, ஒவ்வொரு முறையும் 3 பைட், ஆறு சேனல் என்று பெருக்கினால் நொடிக்கு 8,64,000 பைட். 4 ஜிபி எல்லையை இதனால் வகுத்தால் 4,971 நொடி, அதாவது 1 மணி 22 நிமிடம் 51 நொடி வருகிறது. முதல் மென்பொருள் எல்லையைத் தொட்டவுடன் நின்றுவிட்டது. இரண்டாவது நிற்காமல் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. தலைப்பில் உள்ள எண் மட்டும் நிரம்பி வழிந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணியிருக்கிறது. 2 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 22 நிமிடம் 51 நொடியைக் கழித்துப் பாருங்கள்: 52 நிமிடம் 9 நொடி. நீங்கள் கண்ட இரண்டு எண்களையும் கூட்டினால் முழு நாடகம் வந்துவிடுகிறது. இரண்டு மென்பொருள்களும் ஒரே சுவரில்தான் முட்டியிருக்கின்றன.

மூலக் கோப்பை டபிள்யூ64 என்ற வடிவத்தில் அண்ணன் சேமித்திருப்பதே அவர் இதை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று. நீளமான பதிவுகளுக்காகவே 64 பிட் எண்ணைக் கையாளும் வடிவம் அது. நீங்கள் அதை முதலில் வேவாகவும், பிறகு வேவிலிருந்து ஃபிளாக்காகவும் மாற்றியிருக்கிறீர்கள். நடுவில் வேவ் தேவையே இல்லை. எஃப்எஃப்எம்பெக் டபிள்யூ64 கோப்பை நேரடியாகப் படித்து ஃபிளாக்காக எழுதும். எக்காரணத்தாலாவது வேவ்தான் வேண்டும் என்றால் ஆர்எஃப்64 என்ற விரிந்த வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு சுவரும் இருக்கிறது. ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்தக் கோப்பும் அமராது. ஏறத்தாழ 7 ஜிபி நாடகம் ஃபிளாக்கில் பாதியளவுக்குச் சுருங்கினாலும் எல்லைக்கு மிக அருகில் வந்துவிடும். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாக் ஏன் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறது

"இழப்பில்லாத வடிவத்தால் சரவுண்ட் ஒலியைத் தாங்க முடியாது போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிளாக் எட்டு சேனல்வரை தாங்கும். குறை, ஒலி செல்லும் பாதையில் இருக்கிறது. பென்டிரைவைத் தொலைக்காட்சியில் சொருகி, அங்கிருந்து எச்டிஎம்ஐ ஏஆர்சி (தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் தடம்) வழியாக ரிசீவருக்கு அனுப்புகிறீர்கள். ஏஆர்சி வழியே டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற சுருக்கிய 5.1 ஒலி போகும். சுருக்காத ஒலி இரண்டு சேனல் மட்டுமே போகும். ஃபிளாக்கைத் தொலைக்காட்சி விரித்தவுடன் அது சுருக்காத ஒலியாகிவிடுவதால் இரண்டு சேனலாகக் குறைந்துவிடுகிறது. பல சேனல் சுருக்காத ஒலியைக் கடத்தும் வசதி அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சியில் உண்டு, ஆனால் தொலைக்காட்சி, ரிசீவர் இரண்டிலுமே அது இருக்கவேண்டும். தொலைக்காட்சிக்குள் உள்ள இயக்கியும் ஆறு சேனல் ஃபிளாக்கைப் படிக்கவேண்டும். பென்டிரைவை ரிசீவரிலேயே சொருகினால் தீர்ந்துவிடும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பல ரிசீவர்கள் அந்த வாயிலில் இரண்டு சேனல் ஃபிளாக்கை மட்டுமே ஏற்கும்.

நம்பகமான வழி, மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளால் நேரடியாக ரிசீவருடன் இணைத்து, கணினியின் ஒலி அமைப்பில் 5.1 ஸ்பீக்கர் என்று தேர்ந்தெடுத்து வாசிப்பது. அன்றாடம் தொலைக்காட்சி வழியாகவே கேட்க விரும்பினால், சரியான வரிசையில் உள்ள ஃபிளாக்கிலிருந்து 640 கிலோபிட் அளவில் டால்பி டிஜிட்டல் படி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முறை அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். சேமித்து வைப்பதற்கு ஃபிளாக், கேட்பதற்கு டால்பி டிஜிட்டல் என்று இரண்டும் இருக்கட்டும். ஃபிளாக் கோப்பு தன்னுள் மூல ஒலியின் சரிபார்ப்பு எண்ணையும் வைத்திருப்பதால், பத்து ஆண்டு கழித்தும் கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள முடியும்.

தவில் உச்சத்தில் அமுங்குவதற்கு, டால்பி டிஜிட்டல் கோப்பில் எழுதப்படும் ஒலிவீச்சைச் சுருக்கும் குறிப்பு காரணமாக இருக்கலாம். சில மாற்று மென்பொருள்கள் கேட்காமலேயே அதை எழுதிவிடுகின்றன. மாற்றும்போது அதை நிறுத்திவைத்து, ரிசீவரில் இரவு நேர ஒலி அமைப்பையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். அண்டை வீட்டாரை எண்ணி அந்த அமைப்பைப் போட்டிருந்தால் அதுவும் நியாயமே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் சப்வூஃபரின் அதிர்வு சுவரையும் தரையையும் எளிதில் கடந்துவிடும். தவிலை அதன் முழு வீச்சில் கேட்பதைப் பகல் பொழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டண மென்பொருள் வாங்கலாமா

இப்போதைக்கு வேண்டாம். விற்பனைக்கு வரும் மாற்று மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே இயங்குவதும் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அதே எஃப்எஃப்எம்பெக்தான். மேலே அழகான பொத்தான்கள் இருக்கும். அண்ணனின் சேனல் வரிசையை நீங்கள் சொல்லாவிட்டால் அதுவும் தவறாகவே மாற்றும். கோப்பைப் பற்றி மென்பொருள் என்ன புரிந்துவைத்திருக்கிறது என்பதை மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவி காட்டும். ஒவ்வொரு கோப்பையும் மாற்றும் முன்னும் பின்னும் அதில் திறந்து, சேனல் எண்ணிக்கை, சேனல் அமைப்பு, நீளம் ஆகிய மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் எது மாறியிருந்தாலும் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

கடையில் வாங்கிய தட்டுகளும் நாடகத்தின் உரிமையும்

நான் வழக்கறிஞர் அல்லன். தொழிலில் அன்றாடம் எதிர்கொள்வதை மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ளது. வணிகத் தட்டுகளில் உள்ள நகலெடுப்புப் பூட்டை உடைப்பதையும், உடைக்கும் கருவிகளையும் சேவைகளையும் விற்பதையும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தட்டை அண்ணன் காசு கொடுத்து வாங்கினார் என்பது பூட்டை உடைக்கும் உரிமையைத் தந்துவிடாது. "பூட்டுத் திறந்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அந்தத் தட்டுகளை அதற்குரிய இயக்கியில் போட்டுக் கேட்பதே நல்லது.

அண்ணனே பதிவுசெய்தவற்றை வீட்டில் குடும்பத்தோடு கேட்பது பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம். நாடகக் குழு அதை இணையத்தில் ஏற்ற விரும்புகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கே நிலைமை வேறு. பதிவின் மீது அண்ணனுக்கு இருந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உயில் இல்லையென்றால் அண்ணியும் பிள்ளைகளும்தான் முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள். தம்பியாகிய நீங்கள் தனியாக அனுமதி தந்துவிட முடியாது. நாடகத்தை எழுதியவருக்கு வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை உண்டு. மேடையேறிய கலைஞர்களுக்கும் தங்கள் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு. எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கியபின் ஏற்றலாம். நினைவுநாளுக்குள் அதையும் முடிக்கவேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

நினைவுநாளுக்கு என்ன போடுவது

அண்ணி வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் இருக்கிறது, சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அன்றைக்கு வேண்டியது நல்ல ஸ்டீரியோ படி. வழக்கமான கலவையில் நடுச் சேனலும் பின்சேனல்களும் 3 டெசிபெல் குறைக்கப்பட்டு இடது வலதில் சேர்க்கப்படும், தாழ்வொலி விடப்படும். உங்கள் தாயாருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பதால் நடுச் சேனலைக் குறைக்காமல் அப்படியே சேர்த்து, பின்சேனல்களை 6 டெசிபெல் குறையுங்கள். கைத்தட்டலும் எதிரொலியும் பின்னுக்குப் போய் வசனம் முன்னே வரும். கலந்தபின் உச்சம் வெடிக்கிறதா என்று பார்த்து, வெடித்தால் மொத்த ஒலியளவையும் சற்றுக் குறையுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே அண்ணி வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டு, அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து முதல் பத்து நிமிடத்தைக் கேட்டுப்பாருங்கள்.

அண்ணனின் நோட்டில் நீங்கள் அனுப்பிய பக்கத்தின் ஓரத்தில், அடுத்த பக்கத்து எழுத்து பென்சில் அழுத்தத்தால் தடம் பதிந்திருக்கிறது. அதில் ஒன்பது வரிகள் இருப்பதுபோல் தெரிகிறது. அந்தப் பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். இரைச்சல் கோப்புகளில் எந்தக் கோயில், எந்தத் திருவிழா, யார் வாசித்தது என்ற விவரம் அதில் இருக்கக்கூடும்.